ஓசார்க் ஆறுகளில் நதிமூலம் பார்த்துவிட்டு இறங்குங்கள்

வேலை மாறி சமீபத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள பென்டன்வில்லுக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் தாமிரபரணியில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். இங்கே ஓசார்க் ஆறுகளில் இறங்கி மீன் பிடிக்க ஆசை. மார்பு வரைக்கும் போடுகிற அந்த நீர்புகாத உடுப்பில் எது வாங்கலாம்? மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் கூடாரம் போடவும் ஆசை. எங்கே போகலாம்?"

தம்பி, கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம். ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் நம்மூரில். ரிஷி விஷயம் எப்படியோ, ஓசார்க்கில் நதிமூலத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். நீங்கள் காலை வைக்கப்போகும் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, மழையிலிருந்து வருகிறதா, அணையிலிருந்து வருகிறதா? அது தெரிந்துவிட்டால் எந்த மீன், என்ன உடுப்பு, எங்கே கூடாரம் என்ற உங்கள் மூன்று கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அதைப் பார்க்காமல் இறங்கித்தான் இங்கே பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓசார்க் என்பது சிகரம் சிகரமாக நிற்கும் மலைத்தொடர் இல்லை. பெரிய பீடபூமி ஒன்றை ஆறுகள் அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருக்கின்றன. மிசூரியின் தெற்கு, ஆர்கன்சாவின் வடக்கு, ஓக்லஹோமாவில் ஒரு பகுதி, கன்சாஸில் ஒரு மூலை, அவ்வளவும் ஓசார்க்தான். அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லும் டாலமைட்டும். மழைத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உள்ளே குகையும் குடைவுமாக ஆக்கி வைத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓடை ஓரிடத்தில் தரைக்குள் இறங்கி மறைந்துவிடும். பல மைல் தள்ளி வேறொரு பள்ளத்தாக்கில் நீல நிற ஊற்றாகப் பொங்கி வரும். மிசூரியில் வேன் பியூரன் ஊருக்குப் பக்கத்தில் பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று இருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 28 கோடி காலனுக்கு மேல் தண்ணீர் தள்ளுகிறது. பாறைக்கு அடியிலிருந்து ஓர் ஆறே முளைத்து வருவதைப் பார்த்தால் சும்மா நின்றுகொண்டே இருக்கத் தோன்றும். அந்தத் தண்ணீர் கரன்ட் ஆற்றில் போய்ச் சேர்கிறது.

இந்த ஊற்றுகளின் தண்ணீர் கோடையிலும் பனிக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே சூட்டில், 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஜூலை வெயிலில் காலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிரும். ஜனவரியில் அதே தண்ணீர் மேல் ஆவி பறக்கும். ட்ரௌட் மீனுக்கு இந்தக் குளிர்ச்சி வேண்டும். ட்ரௌட் இந்த மண்ணின் மீன் இல்லை. 1880-களில் கலிபோர்னியாவிலிருந்து ரெயின்போ ட்ரௌட்டைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இன்று மிசூரியில் பெரிய ஊற்றுகளை ஒட்டி மீன் பண்ணை வைத்து வளர்த்து ஆற்றில் விடும் பூங்காக்கள் 4 இருக்கின்றன: பென்னட் ஸ்பிரிங், மான்டாக், ரோரிங் ரிவர், மராமெக் ஸ்பிரிங்.

மழை ஆறுகளின் சுபாவமே வேறு. பஃபலோ, கிங்ஸ், வார் ஈகிள், குரூக்டு கிரீக் எல்லாம் இந்த வகை. வசந்தத்தில் நிறைந்து ஓடும். ஆகஸ்டில் மேல்பகுதி கூழாங்கல்லுக்கு நடுவே நூல் மாதிரி இளைத்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே ராஜா ஸ்மால்மவுத் பாஸ், இந்த மண்ணிலேயே பிறந்த மீன். வெண்கல நிறம், உடம்பில் குறுக்குக் கோடுகள், சிவந்த கண். ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேல் எகிறிக் குதித்துத் தலையை உதறுகிற உதறலில் கை மணிக்கட்டு வரை அதிரும். என் மனது முழுக்க இந்த மீனிடம்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை அணைக்குக் கீழே ஓடும் ஆறு. ஒயிட் ஆற்றின் குறுக்கே பீவர், டேபிள் ராக், புல் ஷோல்ஸ் என்று வரிசையாக அணைகள் இருக்கின்றன. அதன் துணையாறு ஒன்றில் நார்ஃபோர்க் அணை இருக்கிறது. 1944-இல் நார்ஃபோர்க்கும் 1951-இல் புல் ஷோல்ஸும் கட்டி முடிந்தன. அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் சில்லென்று இருந்ததால், வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்ந்த பழைய மீன்களுக்கு அணையடியில் இடமில்லாமல் போனது. அதற்கு ஈடாகத்தான் ட்ரௌட்டை விட ஆரம்பித்தார்கள். நார்ஃபோர்க் மீன் பண்ணை 1957-இல் தொடங்கியது. லிட்டில் ரெட் ஆற்றில் கிரியர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழே 1992-இல் பிடிபட்ட பிரவுன் ட்ரௌட் 40 பவுண்டுக்கு மேல் எடை. அப்போது அதுதான் உலக சாதனை. இவ்வளவு பெரிய மீன் அணைத் தண்ணீரில் வளரும். ஆளை அடித்துக்கொண்டு போவதும் அதே தண்ணீர்தான்.

மின்சாரத் தேவை கூடினால் டர்பைனைத் திறப்பார்கள். காலையில் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்த இடம் கொஞ்ச நேரத்தில் ஆளை மூழ்கடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, மழை வாசனை வராது, தண்ணீர் மட்டும் ஏறும். நான் இங்கு வந்த இரண்டாவது வருடம். பீவர் அணைக்குக் கீழே, ஓரத்து வாய்க்கால் ஒன்றைக் கடந்து நடுத்திட்டில் ஏறி நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தேன். தூரத்தில் சங்கு ஊதியது. ரயிலாக்கும் என்று நினைத்துவிட்டேன். கரையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று புரிய எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. வரும்போது முழங்காலுக்குக் கீழே இருந்த வாய்க்கால் திரும்பும்போது இடுப்புக்கு வந்திருந்தது. காலடியில் சரளை உருண்டு போவது பூட்ஸ் வழியாகத் தெரிந்தது. கரையேறியதும் அந்தப் பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. தண்ணீரின் ஓரத்தில் ஒரு வெளுத்த கல்லைக் காட்டினார். "நான் வந்ததும் முதலில் இப்படி ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்வேன், அது நனைந்தால் கிளம்பிவிடுவேன்" என்றார்.

அன்றிலிருந்து நானும் அப்படித்தான். தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளம் வைத்துவிட்டு, நாலு வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். போகும் முன் அணையின் மின் உற்பத்தி அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், ராணுவப் பொறியாளர் பிரிவு வெளியிடுகிறது. ஆனால் அட்டவணை கடைசி நேரத்தில் மாறும். சங்கு எல்லா இடத்துக்கும் கேட்காது. கல் பொய் சொல்லாது. எட்டு வயதுக் குழந்தையோடு போகும் முதல் பயணத்துக்கு அணையடி வேண்டவே வேண்டாம்.

சரி, உடுப்பு. இங்கே வேடர்ஸ் என்கிறார்கள். முதல் பயணத்துக்கு இதை வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் முதலில் போகவேண்டிய இடத்தில் கரையிலிருந்தே மீன் பிடிக்கலாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழை ஆறுகளில் அரைக்கால் சட்டையும் பிடிமானமுள்ள பழைய ஷூவும் போதும். இங்கத்து ஆட்களே கோடையில் அப்படித்தான் இறங்குகிறார்கள். சட்டை சீக்கிரம் காயும் துணியாக இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலைக் கட்டிப்போட்ட மாதிரி இழுக்கும். வெறுங்காலும் செருப்பும் கூடவே கூடாது. ஆற்றடியில் கிடக்கும் சரளையில் பாதிக்கு மேல் செர்ட் என்ற கல். உடைந்த விளிம்பு கண்ணாடி மாதிரி வெட்டும்.

ஒரு பருவம் போய்ப் பார்த்து, ஊற்று ஆறும் குளிர்காலமும் உங்களைப் பிடித்துக்கொண்டால் அப்போது வாங்குங்கள். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் வகை தடிமனானது, சூடு தரும், விலை குறைவு. ஆனால் இங்கே மார்ச் மதியமே வியர்த்துக் கொட்டும், உள்ளே குளித்த மாதிரி ஆகிவிடும். அதனால் வியர்வை வெளியேறும் மெல்லிய துணி வகையை வாங்கி, குளிருக்கு உள்ளே கம்பளி மாதிரியான ஒரு கால்சட்டை போட்டுக்கொள்வதே நல்லது. வருடம் முழுக்க ஒரே உடுப்பு உழைக்கும். பூட்ஸ் ஒட்டியே வரும் வகை போடுவதற்கு எளிது, ஆனால் கணுக்காலுக்குப் பிடிப்பு இல்லை. பாதம் சாக்ஸ் மாதிரி முடியும் வகையை எடுத்து, தனியாக ஆற்று பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். நம் ஆட்களுக்கு இடுப்பு அளவு பொருந்தினால் கால் நீளம் பொருந்தாது, துணி முழங்காலில் மடிந்து மடிந்து அங்கேதான் முதலில் கிழியும். குட்டைக் கால் அளவு தனியாக வருகிறது, கேட்டு வாங்குங்கள். கடையில் போட்டுப் பார்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பூட்ஸின் அடிப்பாகம் முக்கியம். பழைய ஆட்கள் ஃபெல்ட் என்ற, கம்பளி மாதிரி அழுத்திச் செய்த அடிப்பாகத்தைக் கொண்டாடுவார்கள். பாசிப் பாறையில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஒரு ஆற்றின் நுண்பாசியை அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். டிடிமோ என்று ஒரு பாசி இருக்கிறது, ஆற்றடியை அழுக்குக் கம்பளி மாதிரி மூடிவிடும். அது பரவாமல் இருக்க, மிசூரி 2012 மார்ச்சிலிருந்து ட்ரௌட் பூங்காக்களிலும் குறிக்கப்பட்ட ட்ரௌட் ஆறுகளிலும் ஃபெல்ட் அடிப்பாகத்தைத் தடை செய்திருக்கிறது. அதனால் ரப்பர் அடிப்பாகத்தில் சிறு ஆணிகள் பதித்ததை வாங்குங்கள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் தொங்கவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். காருக்குள் சுருட்டிப் போட்டால் ஒரே வாரத்தில் நாற்றமெடுக்கும், ஒட்டிய தையலும் விட்டுப்போகும்.

இடுப்பு வாரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல் கட்டிய மாதிரி அடிக்கு இழுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது, அதனால் அப்படி இழுக்காது. ஆனால் காலை மடக்கி நீட்ட முடியாது, கரையேறி எழுந்து நிற்கவும் முடியாது. இறுக்கிக் கட்டிய வார் இடுப்புக்குக் கீழே காற்றைப் பிடித்து வைக்கும், தண்ணீர் சட்டென்று இறங்காது. ஆழமில்லாத அமைதியான இடத்தில், நண்பர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒருமுறை வேண்டுமென்றே மல்லாந்து விழுந்து பாருங்கள். மிதக்கிறீர்கள் என்பது உடம்புக்கே தெரிந்துவிட்டால் நிஜமாக விழும் நாளில் பதற்றம் குறையும். அப்படி விழுந்தால் மல்லாந்து, பாதம் கீழ்நீரோட்டத்தைப் பார்த்து இருக்கும்படி மிதந்துகொண்டே கரைப்பக்கம் கையால் தள்ளிப் போக வேண்டும். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறை இடுக்கில் மாட்டும். அது மிக ஆபத்து.

நடக்கவும் ஒரு முறை இருக்கிறது. காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே கொண்டுபோகக் கூடாது. ஒரு ஊன்றுகோலை மேல்நீரோட்டப் பக்கம் ஊன்றி, உடம்பை ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, சற்றே கீழ்நோக்கிச் சாய்வாகக் கடக்க வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்தால் தொடைக்கு மேல் தண்ணீர் வரும் இடத்துக்குள் போகவே கூடாது. இங்கத்துத் தண்ணீரின் தெளிவு கண்ணை ஏமாற்றும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் புள்ளிகூடத் தெரியும், இரண்டு அடிதான் இருக்கும் என்று காலை வைத்தால் மார்புக்கு வரும். கண்கூசலை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் ஆழமும் தெரியும், மீனும் தெரியும். வேடர்ஸ் வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் அந்தக் கண்ணாடியை வாங்குங்கள்.

தூண்டில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்களுக்குத் தெரிந்த வேலை. ஆறு அடி நீளமுள்ள மெல்லிய கம்பு, சின்ன ஸ்பின்னிங் ரீல், ட்ரௌட்டுக்கு 4 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூஸ் நரம்பு, பாஸுக்கு 6 பவுண்டு. தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பை மீன் பார்த்துவிடும். பாஸ் எதைத் தின்னும் என்று தெரிய, முழங்காலளவுத் தண்ணீரில் அசையாமல் நின்று அடியைப் பாருங்கள். இங்கே கிராடாட் என்று சொல்லும், கொடுக்குள்ள ஆற்று இறால், நிழல் பட்டதும் வாலை உள்ளே மடக்கிச் சுண்டிப் பின்பக்கமாக ஒரு சாண் தூரம் பாயும். நின்று, மறுபடி பாயும். உங்கள் ரப்பர் இரை அதே மாதிரி, சரளையைத் தட்டித் தட்டி, நின்று நின்று வர வேண்டும். பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த சின்ன ட்யூப் இரையில் ஈயம் பொதிந்த தூண்டில் முள்ளைச் செருகி, வேகநீர் மடுவில் இறங்கும் விளிம்பில் போடுங்கள். மேல்நீரோட்டத்தைப் பார்த்து வீசினால் நீங்கள் மீனுக்குப் பின்னால் நிற்பீர்கள், அதற்குத் தெரியாது.

பாறையைப் புரட்டி இரை தேடாதீர்கள். அந்தப் பாறைக்கு அடியில் ஹெல்பெண்டர் என்ற பெரிய சாலமாண்டர் குடியிருக்கலாம். இரண்டடி வரை வளரும், தட்டையான தலை, பக்கவாட்டில் சேலை மடிப்பு மாதிரி தொங்கும் தோல். அந்தத் தோல் வழியாகத்தான் தண்ணீரிலிருந்து மூச்சை எடுக்கிறது. ஓசார்க் ஹெல்பெண்டர் மிசூரி, ஆர்கன்சா ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2011-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தார்கள். அதே வருடம் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் முதன்முதலாக அதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், இன்றும் வளர்த்து ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தூண்டிலில் தப்பித்தவறி மாட்டினால் நரம்பை முள்ளுக்குப் பக்கத்திலேயே வெட்டி விட்டுவிடுங்கள். விஷம் கிடையாது, பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

எதைச் சமைப்பது? பண்ணையில் வளர்த்து விட்ட ரெயின்போவை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் விடுகிறார்கள். செதில் பொடிப்பொடியாக இருக்கும், உரசி எடுக்க வேண்டாம். குடலை எடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் தடவி இரும்புக் கல்லில் தோலோடு வறுத்தால் அருமையாக இருக்கும். புளிக்குழம்பு வைத்துப் பார்த்தேன், சதை மென்மை, உடைந்து கரைந்துவிடுகிறது. ஸ்மால்மவுத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓசார்க் ஓடைகளில் அது 12 அங்குலம் வளரவே நாலைந்து வருடம் ஆகும். ஒரு மடுவில் இருக்கும் பெரிய மீன்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இரண்டு வாரம் இரண்டு பேர் சட்டியில் போட்டால் அந்த மடு காலி. வறுவலுக்கு வேறு மீன் வேண்டுமென்றால் காகிள் ஐ இருக்கிறது. முண்டைக் கண், கைக்கு அடக்கம், நல்ல சுவை.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் நம் ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். ஆர்கன்சா சீட்டு மிசூரியில் செல்லாது, மிசூரிச் சீட்டு இங்கே செல்லாது. உங்கள் வீட்டிலிருந்து எல்லை அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதனால் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். ஆர்கன்சாவில் ட்ரௌட்டுக்குச் சாதாரணச் சீட்டோடு தனி அனுமதி வேண்டும். மிசூரியின் ட்ரௌட் பூங்காக்களில் அன்றன்றைக்கு ஒரு ட்ரௌட் சீட்டு, தூண்டில் பிடித்தால் மகளுக்கும் ஒன்று. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை அங்கே நாளைக்கு 4 மீன் எடுக்கலாம். பிறகு குளிர்காலத்தில், பிடித்து விட்டுவிட வேண்டிய பருவம். கரன்ட் ஆற்றில் மான்டாக்குக்குக் கீழே சீடர் குரோவ் வரைக்குமான பகுதியில் செயற்கை இரை மட்டும்தான், 18 அங்குலத்துக்குக் குறைந்த ட்ரௌட்டை எடுக்கவே கூடாது. ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி. மரத்தில் அடித்திருக்கும் பலகையை நின்று படித்துவிட்டு இறங்குங்கள். இந்தச் சீட்டுக் காசு மட்டுமில்லை, இரண்டு மாநிலத்திலும் விற்பனை வரியாக ஒரு சதவீதத்தில் எட்டிலொரு பங்கு இந்த ஆறுகளுக்கும் காடுகளுக்கும் போகிறது. மிசூரி மக்கள் 1976-இலும் ஆர்கன்சா மக்கள் 1996-இலும் ஓட்டுப் போட்டுத் தாங்களே ஏற்றுக்கொண்ட வரி அது.

இப்போது கூடாரம். ஆற்று நடுவிலும் வளைவிலும் இருக்கும் சரளைத் திட்டில் கூடாரம் போட்டுத் தூங்குவது ஓசார்க்கின் தனிச் சுகம். கரன்ட் ஆற்றின் திட்டில் விடியற்காலையில் எழுந்தால் எதிர்க்கரை தெரியாது. குளிர்ந்த தண்ணீருக்கு மேல் பனிமூட்டம் பஞ்சு மாதிரி படுத்திருக்கும், அதற்குள் மீன்கொத்தி சளசளவென்று கத்திக்கொண்டு போகும். ஆனால் அந்தச் சரளையை அங்கே கொண்டுவந்து கொட்டியதே வெள்ளம்தான். படுக்கும் முன் தலையை நிமிர்த்தி மரங்களைப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் கிளைகளில் காய்ந்த சருகும் குச்சியும் சிக்கித் தொங்கினால், தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரல் கடைசியில் வேன் பியூரனில் கரன்ட் ஆறு 37 அடிக்கு ஏறியது. அதற்கு முந்தைய பதிவு 1904-இல் 29 அடி. 2010 ஜூன் 11 அதிகாலையில் ஆல்பர்ட் பைக் முகாமில் தூக்கத்திலேயே வெள்ளம் வந்து 20 பேர் இறந்தார்கள். அது ஓசார்க் இல்லை, தெற்கே அடுத்திருக்கும் வாஷிட்டா மலை. ஆனால் நிலம் இதே மாதிரிதான்: செங்குத்துச் சரிவு, மெல்லிய மண், பெய்த மழை நிற்க இடமில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் நட்சத்திரம் தெரியும், பத்து மைல் மேலே கொட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் மேடான திட்டு, பின்னால் ஏறிப் போக வழியுள்ள திட்டு. செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் திட்டு வேண்டாம். படகு இருந்தால் கூடாரத்துக்கு மேல்பக்கமாக மரத்தில் கட்டுங்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடைக்காது, பாட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழை அறிவிப்பு இருந்தால் திட்டை மறந்துவிட்டு முகாம் மைதானத்துக்குப் போய்விடுங்கள். ஏப்ரல், மே இடிமழைக் காலம். குடும்பத்தோடு திட்டில் தங்க செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் என் தேர்வு.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தண்ணீரில் பார்ப்பதில் பெரும்பாலானவை விஷமில்லாத நீர்ப்பாம்புகள். காட்டன்மவுத் என்ற விரியன் உண்டு, வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளை, அதை விட்டு விலகினால் அதுவும் விலகும். நான் பயப்படுவது உண்ணிக்குத்தான். லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாமே ஒவ்வாமல் போய்விடும். கறி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து நடுராத்திரியில் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறும். இந்தப் பக்கம் அது அரிதான நோய் இல்லை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், உடுப்புக்கு முதல் நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்துக் காயவிடுங்கள், ராத்திரி மகளின் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள், மரத்தைத் துளைக்கும் பூச்சி அதில்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. ஆற்றுக்குக் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் ரக்கூன் ஜிப்பைத் திறந்தே எடுத்துப் போகும்.

எங்கே போவது? முதல் தடவைக்கு மிசூரியில் காஸ்வில் பக்கம் உள்ள ரோரிங் ரிவர் மாநிலப் பூங்கா. உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். மலையடிப் பிளவிலிருந்து பச்சை நிற ஊற்று வருகிறது, பக்கத்திலேயே மீன் பண்ணை, மகள் மீனுக்குத் தீனி போடலாம். கூடாரம் போட முகாம், கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு. காலையில் மீன் பிடிக்கும் நேரம் தொடங்கச் சங்கு ஊதும். அணையடியில் சங்கு ஊதினால் ஓடி வெளியேற வேண்டும், இங்கே ஊதினால் எல்லோரும் தூண்டிலை வீசுவார்கள். மார்ச் 1 அன்று மட்டும் போகாதீர்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். வார நாளில் லீவு போட முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது பயணம் பஃபலோ. இந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1962-இல் ஓசார்க் சொசைட்டியைத் தொடங்கியவர் நீல் காம்ப்டன் என்ற டாக்டர், உங்கள் பென்டன்வில் ஊர்க்காரர். அவர் வாழ்ந்த வீடும் தோட்டமும் இன்று காம்ப்டன் கார்டன்ஸ் என்ற பெயரில் ஊர் நடுவிலேயே இருக்கின்றன, ஒரு மாலை நடந்து போய்ப் பாருங்கள். பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1972 மார்ச் 1-இல் பஃபலோ நாட்டின் முதல் தேசிய ஆறாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் இன்றும் அது மழை ஆறாகவே ஓடுகிறது, ஸ்மால்மவுத்தும் பிழைத்திருக்கிறது. போன்கா பக்கத்து மேல்பகுதியில் படகு விட வசந்தம்தான் சரி, வேகமும் அதிகம், குழந்தைக்கு இப்போது வேண்டாம். டைலர் பெண்ட் முகாமில் கூடாரம் போட்டு, அங்கிருந்தே ஆற்றில் இறங்கலாம். படகில் ஏறினால் ஆர்கன்சா சட்டப்படி 12 வயது வரையுள்ள பிள்ளைகள் மிதவை உடுப்பைப் போட்டே இருக்க வேண்டும். மகளுக்கு நான் சொல்வது, தண்ணீரில் நிற்கும்போதும் போட்டுவிடுங்கள்.

அவளுக்குத் தூண்டிலில் இறகுத் தக்கை ஒன்றைக் கட்டி, சின்ன முள்ளில் அரை மண்புழுவைக் கோத்து, மரம் விழுந்து கிடக்கும் நிழல் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். நிச்சயம் லாங்இயர் சன்ஃபிஷ் கடிக்கும். உள்ளங்கை அளவுதான், வயிறு ஆரஞ்சு, முகத்தில் மயில் நீலத்தில் வளைவு வளைவாகக் கோடுகள், செவுள் மூடியில் காது மாதிரி ஒரு கருப்பு மடல். தொடும் முன் கையை ஆற்றில் நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பு போய்விடும். முள்ளை எடுத்ததும் தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தி விரலைத் திறந்தால் போதும், தானே போய்விடும்.